மூன்று ஸ்கேனும் ஒரு தராசும்

என் அண்ணியைச் சந்தையில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "ஐம்பது கிராம் வருது" என்பார்கள். உடனே நாலு கடைக்காரர்கள் தங்கள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளர் அவர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, கிலோவுக்கு ஐம்பது கிராம் அடித்துக்கொண்டிருந்த ஒரு வெங்காயக் கடைத் தராசைத் தூக்கிக்கொண்டு போனார். பத்து வருடமாகியும் அந்தப் பட்டம் போகவில்லை.

வீட்டிலும் அதே கண்தான். பால்காரர் ஊற்றிய பாலை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பார். மின்சார மீட்டரைத் தினமும் காலையில் படித்துக் குறித்து வைப்பார். கல்யாணப் பதிவின்போது என் அண்ணன் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, பேனாவை நீட்டியபடி நின்றான். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து படித்தார். அண்ணனின் பிறந்த வருடம் தப்பாக இருந்தது. பதிவாளரின் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அண்ணியின் கொள்கை.

அவருடைய சந்தேகப் பட்டியலில் முதலிடம் எனக்குத்தான். நான் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, வாராது வந்த மாமணி மாதிரி அண்ணி உண்டானபோது, எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன்.

"மாசத்துக்கு எத்தனை பேரை இப்படி அனுப்புவ?" என்று கேட்டார் அண்ணி.

"என்ன அண்ணி கேக்குறீங்க?"

"சும்மா கேட்டேன்."

அண்ணி எதையும் சும்மா கேட்கிறவர் இல்லை. கமிஷன் வாங்குகிறேன் என்று நினைக்கிறார். அண்ணனிடம் சொன்னேன். "அவ என்னையே நம்புறதில்ல, உன்னை எப்படி நம்புவா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் வெளியூர். அவனுக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கவிழ்த்த பானை மாதிரி கர்ப்பப்பையை வரைந்து, அடியில் வாயைக் குறித்து, அதன்மேல் பேனாவால் கறுப்பாக அப்பினார்.

"குழந்தைக்கு ரத்தம் குடுக்கிற நஞ்சுக்கொடி மேல ஒட்டியிருக்கணும். உங்களுக்குக் கீழ, வாசலை மூடிக்கிட்டு ஒட்டியிருக்கு. இப்ப பயப்பட வேண்டாம். வயிறு வளர வளர நிறையப் பேருக்கு மேல ஏறிடும். ஏறலைன்னா ஆபரேஷன்தான், வேற வழியே கிடையாது. கனம் தூக்கக்கூடாது. ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வரணும். வலி இருக்காது. வலி இல்லைன்னு வீட்ல இருந்துடாதீங்க, அதான் ஆபத்து."

அண்ணி படத்தைப் பார்க்கவில்லை. ஸ்கேன் இயந்திரத்தைப் பார்த்தார். "இதைக் கடைசியா எப்ப சோதிச்சாங்க?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த மாதத்துக்குள் அண்ணி வேறு இரண்டு இடங்களில் ஸ்கேன் எடுத்தார். துணைக்கு நான்தான் போனேன். முந்தைய அறிக்கையைக் காட்டக்கூடாது என்பது கட்டளை. ஒரு தராசு சொன்னது இன்னொரு தராசுக்குத் தெரியக்கூடாதாம். இரண்டாவது இடத்தில் நஞ்சின் ஓரம் வாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றார்கள். அண்ணி மூன்றையும் தன் பச்சை நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, மூன்றையும் சுற்றி வட்டம் போட்டார்.

"பாத்தியா? மூணு மிஷின் மூணு விதமா சொல்லுது. கடையில இப்படி இருந்தா மூணையும் பறிமுதல் பண்ணுவேன்."

அந்த நோட்டை டாக்டரம்மா பொறுமையாகப் படித்தார். "முதல் தடவை தண்ணி குடிச்சு வயிறு முட்ட வந்தீங்க. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா கீழ்ப்பக்கம் அமுங்கி, மூடியிருக்கிற மாதிரியே தெரியலாம். அப்புறம் நாளும் வேற. நீங்க சோதிக்கிற எடைக்கல் இன்னிக்கும் நாளைக்கும் ஒண்ணுதான். இது வளர்ற வயிறும்மா. எட்டாம் மாசம் நல்லாக் கிட்டப் பாத்து அளப்போம், அதை வெச்சு முடிவு பண்ணுவோம்."

வெளியே வந்ததும் அண்ணி, "நல்லாப் பேசுறாங்க" என்றார். அவர் வாயில் அது பாராட்டு இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், இந்தச் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆபரேஷனுக்கு வேண்டிய மருந்தும் தையல் நூலும் என் கவுன்டர் வழியாகத்தான் போகும். ஒரு வாரம் மருந்துச் சீட்டுகளைக் கவனித்தேன். பிறந்த குழந்தைகளில் பாதிக்குமேல் கத்தி வைத்துத்தான். பிரசவ வார்டு மூத்த நர்ஸிடம் ஓரமாகப் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மத்த கேஸ்ல நீ கேட்டா நானும் யோசிப்பேன். இதுல கேக்காதே. வாசல்ல நஞ்சு இருந்தா குழந்தை அதைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வரணும். தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது."

அன்றிலிருந்து எனக்கு டாக்டரம்மா மேல் சந்தேகம் போய்விட்டது. ஆபரேஷனுக்கு வர மறுத்துவிடுவாரோ என்று அண்ணி மேல் வந்தது.

எட்டாம் மாத ஸ்கேனிலும் நஞ்சு நகரவில்லை. முதல் ஸ்கேன் சொன்னபடியே வாசலை முழுக்க மூடியிருந்தது. அண்ணி விடுப்பு எடுத்தார். ஒன்பதாம் மாதத்தில் ஒரு தேதி குறித்து, அதற்குமுன் வந்து படுத்துவிடச் சொன்னார்கள். "பாப்போம்" என்றார் அண்ணி. கடைக்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் நடுங்குவார்கள்.

அப்புறம் வீட்டில் சில விஷயங்கள் சரியாக இல்லை. விடியற்காலையில் யார் கேட்டும் எழுந்திருக்காதவர், எனக்கு முன்னால் எழுந்து துணி அலசினார். அலமாரியில் வெளிர் நிறப் புடவைகள் அப்படியே இருக்க, இரண்டு கறுப்பு நைட்டிகள் மட்டும் மாறி மாறிக் கொடியில் தொங்கின. ஏனென்று கேட்டால், "இதான் தளர்வா இருக்கு" என்பார். நகைக்கடைகளைச் சோதிப்பதற்கென்று அவரிடம் ஒரு சின்ன மின்னணுத் தராசு உண்டு. உள்ளங்கை அகலம், ஒரு கிராமைக்கூடப் பிரித்துச் சொல்லும். அது எப்போதும் அலுவலகப் பையில், பஞ்சு வைத்த பெட்டிக்குள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கப் போனேன். குளியலறை ஜன்னல் திண்டில், சோப்புப் பெட்டிக்குப் பின்னால் அது இருந்தது.

தராசுக்குக் குளியலறையில் என்ன வேலை?

அண்ணி முன்னறையில் கால் நீட்டிப் படுத்திருந்தார். நான் நேராக அவர் அறைக்குப் போய்ப் பையைத் திறந்தேன். தப்புத்தான். ஆனால் இத்தனை மாதமாக என்னை வேவு பார்த்தவரை ஒரு தடவை நான் பார்த்தால் குறைந்துபோகாது என்று தோன்றியது. பச்சை நோட்டு மேலாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவருடைய குண்டு குண்டான எழுத்து.

செவ்வாய், காலை ஆறு பத்து: ஒன்பது கிராம். புதன்: இல்லை. வியாழன், காலை ஐந்து ஐம்பது: பதினாலு. வெள்ளி: இல்லை. சனி: முப்பத்தொன்று.

ரத்தம் பட்ட நாப்கின் பேடை எடை போட்டிருக்கிறார். ஒரு சொட்டு பட்டாலும் வா என்று சொன்ன டாக்டரம்மாவிடம் போகாமல், தன் தராசில் வைத்து, நேரம் போட்டு எழுதியிருக்கிறார்.

நோட்டோடு முன்னறைக்குப் போனேன். "என்ன அண்ணி இது?"

"என் பையை ஏன் தொட்ட?"

"பையை விடுங்க. அஞ்சு நாளா ரத்தம் போகுது, வாயைத் திறக்கலையே."

"வலிக்கல."

"வலிக்காதுன்னுதானே சொன்னாங்க."

"சொன்னா? நான் போய் நின்னதும் அன்னிக்கே வயித்தைக் கிழிச்சிடுவாங்க. எட்டு மாசம்தான் ஆச்சு, குழந்தை மூச்சு விடுமான்னு தெரியாது. ஆறு வருஷம் காத்திருந்து ஒண்ணு வந்திருக்கு. ஏறுதா இறங்குதான்னு நானே பாத்துட்டுப் போலாம்னு இருந்தேன். மூணு அளவை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஏறுது. எனக்கே தெரியுது. ஒம்பது, பதினாலு, முப்பத்தொண்ணு. இதுக்கு மேல என்ன பாக்கணும்?"

"உனக்கு என்ன, ஆஸ்பத்திரிக்காரங்க பக்கம் பேசுவ."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஆமா, கமிஷன் வாங்கித்தான் மாடியில பங்களா கட்டியிருக்கேன்" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புத் துணியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் படுத்திருந்த மெத்தை விரிப்பு நனைந்து, ஓரத்திலிருந்து தரையில் சொட்டத் தொடங்கியிருந்தது. அவர் முகத்தில் வலி கொஞ்சமும் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"தராசை எடு" என்றார்.

நான் அசையவில்லை.

"வேண்டாம்," என்றார் அடுத்த மூச்சில். "வண்டியைக் கூப்பிடு."

ஆம்புலன்சில் ஏற்றும்போது அந்த நோட்டை ஏன் கையோடு எடுத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. அவசரப் பிரிவு வாசலில் டாக்டரம்மா, "எத்தனை நாளா போகுது? எவ்வளவு போயிருக்கும்?" என்று கேட்டபோது நோட்டை நீட்டினேன். டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்தார்.

"வெறும் பேடோட எடையைக் கழிச்சீங்களா?"

ஸ்ட்ரெச்சரில் வெளுத்துக் கிடந்த அண்ணி, "கழிக்காம எழுதுவேனா?" என்றார். அந்த நிலையிலும் அவருக்கு ரோஷம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நர்ஸிடம் எத்தனை பாட்டில் ரத்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைக் கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொன்னார். ஆபரேஷன் அறையைத் தயார் செய்ய ஓடினார்கள். ஒரு நர்ஸ் ஒப்புதல் தாள்களை அட்டையில் செருகிக்கொண்டு வந்து நின்றார். ஆறு தாள், பொடி எழுத்து.

"ரத்தம் நிக்கலைன்னா கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம்னும் இதுல இருக்கு. கையெழுத்துப் போடுங்கம்மா, நேரம் இல்ல."

அண்ணி அட்டையை வாங்கினார். முகத்துக்கு நேராகப் பிடித்தார். உதடு அசைந்தது. அட்டை ஆடியது. முதல் வரியைத் தாண்ட முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இதையும் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்று அடம்பிடிக்கப் போகிறார், குழந்தையோடு நம் கையைவிட்டுப் போகப் போகிறார் என்று நடுங்கினேன். அண்ணன் ஏதோ நெடுஞ்சாலையில் இருந்தான். போன் எடுக்கவில்லை.

அண்ணி அட்டையை என்னிடம் நீட்டினார். "படி."

வாங்கினேன். தாளைப் புரட்டினேன். எனக்கு ஒரு எழுத்தும் எழுத்தாகத் தெரியவில்லை. ஆறு தாளையும் படபடவென்று தள்ளிவிட்டுத் திருப்பி நீட்டினேன்.

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

அண்ணி என்னையே பார்த்தார். தராசு முள் நிற்கும்வரை காத்திருக்கிற அதே பார்வை. "அப்ப சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். பிறந்ததும் அழவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் அழுதது. பதினாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அண்ணிக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பை தப்பியது. நாலாம் நாள் சக்கர நாற்காலியில் குழந்தையைப் பார்க்கப் போனவர், முதலில் குழந்தையைத் தடவினார், அப்புறம் பக்கத்தில் இருந்த எடை இயந்திரத்தைக் குனிந்து பார்த்தார். முத்திரை போன வருடத்தோடு முடிந்திருந்தது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னிக்கு மட்டும் விட்டுடு" என்றான். விடுப்பு முடிந்து போன முதல் வாரமே அந்த ஆஸ்பத்திரிக்கு நோட்டீஸ் போனது. கவுன்டரில் எல்லாரும் என்னை முறைத்தார்கள்.

நான் சொன்ன பொய் எனக்குள் முள்ளாக இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை அவர் என்னை நம்பினார். அந்த ஒருமுறையும் நான் ஏமாற்றினேன். நாலு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். பெற்றோர் இல்லாத நேரத்தில் குழந்தையை அழைத்துப்போக உரிமை உள்ளவர் என்று ஒரு படிவம். அண்ணி அதில் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அண்ணனுக்குத் தம்பியாயிற்றே, நானும் கிறுக்கிவிட்டு நீட்டினேன்.

"படிச்சியா?"

"படிச்சேன் அண்ணி."

அவர் வாங்கவில்லை. "அன்னிக்குத்தான் நேரம் இல்ல. இன்னிக்கு இருக்குல்ல, படி."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"ஆறு தாளை அரை நிமிஷத்துல யாரு படிப்பா? ஒரு மருந்துச் சீட்டுப் படிக்கவே நீ கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிப்ப."

"தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?"

அண்ணி குழந்தையின் செருப்பு வாரை இறுக்கிக்கொண்டே சொன்னார். "அட்டை என் கையில ஆடுனதைவிட உன் கையில அதிகமா ஆடுச்சு. அத்தனை மாசமா உன்னைத் தப்பா நினைச்சிருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது."

அப்புறம் படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்தேன்.