சித்தி வீட்டு சர்பத்

நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடாத கிறிஸ்தவர்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் ஒருத்தியும் நம்பமாட்டாள். "அப்போ கேக்?" என்பார்கள். கேக்கும் கிடையாது, ஸ்டாரும் கிடையாது, சிலுவைகூடக் கிடையாது. பொம்மனஹள்ளியில் எங்கள் வாடகை வீட்டு ஹால்தான் சபை. ஞாயிறு காலையில் அம்மா கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டுப் பாய் விரிப்பாள். ஏழெட்டுக் குடும்பங்கள் வரும். எல்லோரும் வெள்ளைத் துணி, யார் கழுத்திலும் குண்டுமணித் தங்கம் இருக்காது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கன்னடக்காரம்மா, பாவம், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனாள்.

மருந்தும் கிடையாது. என்ன நோவு வந்தாலும் மூப்பர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிப்பார். மூப்பர் என்றால் சபைக்குப் பெரியவர், மற்ற நாட்களில் கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். நல்ல மனுஷர்தான். ஆனால் மாத்திரை விழுங்குகிறவன் கர்த்தரை நம்பாதவன் என்று அடித்துச் சொல்வார். அப்பாவும் ஆமென் சொல்வார்.

இரண்டாம் வகுப்பில் எனக்கு வீசிங் வந்தது. படுக்க முடியாது, உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாடுவேன். மூப்பர் வந்து வந்து ஜெபித்ததில் என் நெற்றி எண்ணெய்ப் பிசுக்கானதுதான் மிச்சம். ஒருநாள் எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மா முழங்காலில் நின்று அழுதாள். அப்பா என்னை மொபெட்டில் ஏற்றித் தொம்மலூருக்குக் கொண்டுபோனார்.

அங்கே சித்தி இருந்தாள், அம்மாவின் தங்கை. எங்கள் சபையில் சேராதவள், வீடு முழுக்க முருகன் படம். அப்பா என்னை வாசலில் இறக்கிவிட்டு எதிர்ப் பெட்டிக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டார். சாமிப் படம் இருக்கிற வீடு, அதனால்தான் வரவில்லை என்று நினைத்தேன். சித்தி என்னைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினாள். அங்கே ஒருவர் காதில் குழாய் மாட்டி என் முதுகை ஒட்டுக்கேட்டார். திரும்பி வந்ததும் சித்தி ஒரு பாட்டிலைத் திறந்து, "சர்பத்டி, குடி" என்றாள். மருந்தே நுழையாத வீட்டில் வளர்ந்தவளுக்கு சிரப்புக்கும் சர்பத்துக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? குடித்தேன்.

பிறகு தினமும் சாயங்காலம் அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்ததும் தொம்மலூர்தான். எனக்குச் சித்திமேல் ஒரே கடுப்பு. மொபெட்டில் வரும்போது அப்பாவிடம் கொட்டினேன்.

"சுத்தக் கஞ்சம்ப்பா சித்தி. சர்பத்த மூடில ஊத்திக் குடுக்கறாங்க. இன்னும் கேட்டா திட்றாங்க."

"குடுக்கறத குடிச்சிட்டு வா பாப்பா. கூட கேக்காத" என்றார் அப்பா.

எனக்கு மூச்சு சரியானது. மூப்பருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஞாயிறு என்னைச் சபை நடுவில் நிறுத்தி சாட்சி சொல்லச் சொன்னார். "கர்த்தர் எனக்கு சுகம் குடுத்தார்" என்று கணீரென்று சொன்னேன். "அல்லேலூயா!" என்று ஹாலே அதிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பிரதர், நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் மூப்பர். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "பாப்பாவே சொல்லிட்டாளே" என்றார்.

அப்புறம் அப்பத்தட்டு வந்தது. ஞானஸ்நானம் வாங்கிய பெரியவர்களுக்கு மட்டும்தான் அது. கர்த்தரை நினைத்துப் பாடிக்கொண்டே ஆளுக்கொரு துண்டு பிட்டுக்கொண்டு தட்டைப் பக்கத்தில் தள்ளுவார்கள். மனதில் உறுத்தல் உள்ளவர் தொடாமல் தள்ளிவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள். அம்மா சுட்ட அப்பம், எங்கள் வீட்டுத் தட்டு. அப்பா அதைத் தொடாமல் தள்ளிவிட்டார். பாட்டு சட்டென்று தணிந்தது. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அப்பத்துக்கு நான் எத்தனை நாளாக ஏங்கிக் கிடக்கிறேன்!

"உங்களுக்கு வேணாம்னா எனக்காவது குடுத்திருக்கலாம்ல?" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி தொம்மலூர். அப்பத்தை வீணாக்கியதற்கு நான் அவரிடம் பேசுவதில்லை என்று முடிவுசெய்திருந்தேன். வழியில் இருக்கிற சில்க் போர்டு சிக்னல் வரைக்கும்தான் தாங்கியது. அதற்கப்புறம் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனேன். அப்பா வண்டியை மெதுவாக ஓட்டினார்.