முன்பக்கத்துப் பாரம்

அந்த மனிதருக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. ஒல்லியான உடம்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரன். தன் உழவு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நெஞ்சளவு உயரமான பின் டயர்களைக் குதிகாலால் உதைத்துக்கொண்டே இருப்பார். சேற்றில் பிடிமானம் வேண்டுமென்று அவற்றுக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தார்.

இறக்காமத்து வயலிலிருந்து கல்முனைக்கு ஏற்றிய எங்கள் நெல் மூட்டைகளோடு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய பெட்டி சேற்றில் புதைந்துவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் இழுத்தபோது பின் டயர்கள் நன்றாகக் கவ்வின. ஆனால் பெட்டி அசையவில்லை. இயந்திரத்தின் முன்சக்கரங்கள்தான் மேலே எழும்பின. எல்லோரும் செய்வதுபோல நானும் பாரத்துக்காக முன்னால் ஏறிக் குந்தினேன். அவர் இஞ்சினை நிறுத்திவிட்டார்.

“எறங்குங்க தம்பி.”

“மழ வருது காக்கா, இழுங்க!”

“பின்னுக்குப் பெரிய டயர், உள்ளுக்குத் தண்ணி. புடிச்சி இழுத்தா முன்னுக்குத் தூக்கி எறிஞ்சிரும். எறங்குங்க.”

பெட்டியிலிருந்து இரண்டு மூட்டைகளை இறக்கி, நான் இருந்த இடத்தில் கட்டத் தொடங்கினார். அதற்குள் தூறல் விழுந்தது.

“நெல்லெல்லாம் நனையப் போகுது!” என்று கத்தினேன்.

“நெல்லு நனைஞ்சா காயப் போடலாம்” என்றார்.

மறுபடி இழுத்தார். முன்பக்கம் எழும்பி, தடாலென்று விழுந்தது. ஒரு மூட்டை கழன்று, முன்சக்கரத்தின் கீழ் அகப்பட்டுக் கிழிந்தது. பெட்டி வெளியே வந்துவிட்டது.

நாங்கள் ஆரவாரம் செய்தோம். அவர் இறங்கி வந்து, சேற்றில் சிதறிய நெல்லைப் பார்த்தபடி மழையில் நின்றார். நெடுநேரம் அசையவேயில்லை.

முன்பொரு நாள் அந்த மூட்டை இருந்த இடத்தில் குந்தியிருந்து விழுந்தது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.