தட்டு திருப்பும் நேரம்

பொலிதேயாமாப் பகுதியில் வயதான ஒரு இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பல வருடங்களாகப் பராமரித்தவள் ஞானாம்பிகை. அந்த அம்மாவிடம் நூறு வருடத்துக்கு முந்திய அரக்கு இசைத்தட்டுகள் இருந்தன. ஒரு சிம்பொனிக்கே ஐந்து தட்டுகள். நாலு நிமிடத்துக்கொருமுறை இசை பாதியில் அறுந்துவிடும். ஞானாம்பிகை முணுமுணுத்தபடி சமையலறையிலிருந்து ஓடிவந்து தட்டைத் திருப்பிப் போடுவாள். இப்படி அறுந்து அறுந்து ஓடுவதும் ஒரு சங்கீதமா என்று அவளுக்கு எரிச்சல்.

இசை ஓடும்போது சிஞ்ஞோரா பேசமாட்டார், பேசவும் விடமாட்டார். தட்டு திருப்பும் நேரத்தில்தான் வாய் திறப்பார். செத்துப்போன கணவரின் கோபத்தைப் பற்றி ஒரு பக்கம் முடிந்ததும் சொல்வார், பருத்தித்துறையில் ஞானாம்பிகையின் தாய் எப்படி இருக்கிறாள் என்று மறுபக்கம் முடிந்ததும் கேட்பார்.

போன மாசியில் சிஞ்ஞோரா காலமானார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே நகரில் சீசா என்ற பகுதியிலுள்ள தங்கள் வீட்டில், ஞானாம்பிகையின் கணவர் ஆனந்தராசா அதே பழைய பதிவைப் போனில் தேடிப் போட்டுவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென எழுந்தாள்.

“ஏனப்பா எழும்புறாய்?”

“தட்டு திருப்ப வேணும்.”

இசை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நின்றபடியே போனைப் பார்த்தாள்.

“நிப்பாட்டுங்கோ,” என்றாள். “இது எங்களைக் கதைக்க விடுகுதில்லை.”