மற்றவை: மூன்று

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளைப் பூச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

பத்தொன்பது வருடமாக, காலை எட்டரைக்குத் தொட்டிச் சகதியில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களை எண்ணுகிறாள். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பது அவர்கள்தான். காம்பில் ஆடுபவை முந்நூறு. நீந்துபவை இருநூறு. படிவத்தின் கடைசி வரி 'மற்றவை'. அதில் மூன்று என்று எழுதுவாள்.

அந்த மூன்றுக்கும் அவள் வைத்த பெயர் பெரியப்பா. தடித்த உடம்பு, வாயருகே சுழலும் இரண்டு சக்கரம். மற்றவர்கள் விட்டுவைத்த தூளையெல்லாம் இருந்த இடத்திலிருந்தே இழுத்துத் தின்னும். எதற்கும் அவசரப்படாது.

புதிதாக வந்த பொறியாளர் அவசரப்பட்டார். தினமும் கொஞ்சம் சகதியை வெளியே இறைப்பார்கள்; தொட்டிச் சகதி முழுவதும் மாற இருபது நாள் ஆகும். நாலு நாளில் மாற்றச் சொன்னார். சகதி குறைந்தால் அதற்குக் காற்று ஊதும் இயந்திரத்துக்கும் வேலை குறையுமாம்.

"நாலு நாள்னா பெரியப்பா போயிடுவார் சார்."

"யாரு?"

அவள் கடைசி வரியைக் காட்டினாள்.

"ஐந்நூத்துல மூணு. இதுக்காகவா மெஷினை ஓட்டச் சொல்றீங்க?"

"அது மெதுவாத்தான் பெருகும் சார். குட்டி தலையெடுக்கறதுக்குள்ள தாயோட சேர்த்து வெளியே இறைச்சிடுவோம்."

"மிச்சப் பேர் பாத்துப்பாங்க."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. பழைய சகதியில் ஒரு பீப்பாய் எடுத்து ஆய்வகத்தின் பின்னால் வைத்தாள். வீட்டு மீன்தொட்டியின் காற்றுக்குழாயைக் கழற்றிக் கொண்டுவந்து அதில் விட்டாள். தினமும் ஒரு குவளை கழிவுநீர் ஊற்றினாள்.

'மற்றவை' இரண்டானது. பிறகு சைபர். மொத்த எண்ணிக்கை மட்டும் கூடியது. அறிக்கை முன்பைவிட அழகாக இருந்தது.

"என்ன பூச்சியக்கா, பெரியப்பா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாராமே?" என்றார் பம்ப் ஆபரேட்டர்.

"போகல. பின்னாடி தங்கியிருக்கார்."

வெளியேறும் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வைத்துப் பார்ப்பது அவளுடைய இன்னொரு வேலை. முன்பெல்லாம் வரிவிளம்பரம் வரை படிக்கலாம். ஒன்பதாம் நாள் தலைப்புச் செய்தி மட்டும் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் அதுவும் இல்லை. பொறியாளர் மருந்து கலந்தார். தண்ணீர் கலங்கலாகவே போனது. கால்வாய்க்கரையில் குடியிருப்பவர்கள் குடுவையும் கையுமாக வந்து வாசலில் நின்றார்கள்.

அன்றுதான் பொறியாளர் ஆய்வகத்துக்கு வந்தார். அவள் அவரைப் பீப்பாயிடம் கூட்டிப்போய், ஒரு சொட்டு எடுத்து வந்து நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள். அவர் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கு."

"அதான் சார் அவர் வேலை."

"எத்தனை நாள் வேணும்?"

"பீப்பாயைத் தொட்டியில கொட்டிடலாம். நீங்க பழையபடி இருபது நாளுக்கு மாத்தணும்."

அவர் மாற்றினார். அவள் தினமும் எண்ணினாள். சைபர், சைபர், சைபர். இருபத்துமூன்றாம் நாள் ஒன்று. அதை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பொறியாளரே குடுவைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தார்.

"தலைப்பு தெரியுது."

"அடியில பாருங்க சார்."

அவர் கண்ணைச் சுருக்கினார். "வாடகைக்கு வீடு. ரெண்டு ரூம். மாடி."

அவள் படிவத்தை எடுத்து, கடைசி வரியில் மூன்று என்று எழுதினாள்.