முதல் செலக்ஷன்

ஆட்டுத்தோல் ஒன்று மேசையில் விழுந்ததும் மோகனாவின் இடது உள்ளங்கை அதன் கழுத்திலிருந்து வால்வரை ஒரு முறை ஓடுகிறது. முள் கீறல், உண்ணிக்கடி, அம்மைத் தழும்பு எதுவும் அந்தக் கைக்குத் தப்பாது. "செகண்டு" என்கிறாள். எதிரே நிற்கும் ஜஹீதா தோலைப் புரட்டி, சதைப்பக்கத்தில் சாக்பீஸால் 2 என்று போட்டு இரண்டாவது அடுக்கில் வீசுகிறாள். அடுத்த தோல் வருவதற்குள் கிடைக்கும் நாலு நொடியில் மோகனாவின் உதடு அசைகிறது. "கேருலஸ்... கேருலஸ்..."

"இன்னா, என்னையா திட்ற?"

"ஆமாக்கா. வாயாடின்னு அர்த்தம்."

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரிக்கும் செலக்ஷன் பிரிவு அது. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் தோலின் குறை தெரியும் என்பதால் மேசைகள் எல்லாம் அந்த ஓரமாகவே கிடக்கின்றன. ஐந்து வருஷமாக ஒரே மேசை, ஒரே ஜோடி. தரம் சொல்வது மோகனா, சொன்னதை எழுதுவது ஜஹீதா. தானாக ஒரு தோலுக்கும் ஜஹீதா நம்பர் போட்டதில்லை.

வேதியியல் பட்டத்தை வாங்கிய கையோடு மாதனூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறியவள் மோகனா. தோல் வேதியியலை வெளிநாட்டில் மேற்படிப்பாகப் படித்தே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலச் சொற்கள்தான் ஆட்டம் காட்டின.

சொற்களைப் படிக்க அவள் நோட்டு வாங்கவில்லை. வெட்டி மிஞ்சும் தோல் துண்டுகள் இருக்கவே இருக்கின்றன. வழவழப்பான பக்கத்தில் சொல், சதைப்பக்கத்தில் தமிழ் அர்த்தம். சாப்பாட்டு இடைவேளையில் ஜஹீதா ஒவ்வொரு துண்டாகத் தூக்கிக் காட்டுவாள். கேட்ட மாத்திரத்தில் அர்த்தம் வந்தால் ஃபர்ஸ்ட். கண்ணை மூடி யோசித்தால் செகண்டு. உளறினால் தேர்டு. வாயே திறக்கவில்லையென்றால் ரிஜெக்ட்.

"ரிஜெக்ட் தோலையே நாம எறிய மாட்டோம், கையுறைக்கு அனுப்புறோம். வார்த்தைய எறிவோமா?" என்று சொல்லி, ரிஜெக்ட் ஆன சொற்களை மட்டும் மோகனா அக்கம்பக்கத்து மனிதர்கள் தலையில் கட்டிவிடுவாள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசும் பிரிவுப் பொறுப்பாளர் மக்பூல் அகமது லேகானிக். தினமும் தாமதமாக வரும் கம்பெனி பஸ் டார்டி. உப்புச் சப்பில்லாத கேன்டீன் சாம்பார் இன்சிப்பிட். இப்படியாக ஜூன் மாதத்துக்குள் பிரிவு முழுக்க ஆளுக்கொரு பட்டப்பெயர் வந்துவிட்டது. தன்னைப் புகழ்கிறாளா திட்டுகிறாளா என்று தெரியாமல் எல்லாரும் சிரித்து வைத்தார்கள்.

தன்னடக்கம் என்ற சங்கதியே அவளிடம் கிடையாது. "ஆயிரத்து இருநூறு வார்த்தக்கா. ஆம்பூர்ல வேற யாருக்கு வரும், சொல்லு" என்று கேட்பாள்.

ஆகஸ்டில் சென்னைக்குப் போய் எழுதினாள். ஆங்கிலப் பகுதியில் நூற்று எழுபதுக்கு நூற்று நாற்பத்தாறு. அவள் கேட்கும் பல்கலைக்கழகமோ நூற்றைம்பதுக்குக் கீழே விண்ணப்பத்தைத் தொடவே தொடாது. நவம்பர் கடைசியில் கதவை மூடிவிடும். திங்கட்கிழமை பிரிவுக்குள் நுழைந்ததும் அவளே அறிவித்தாள்: "ஃபெயில்லாம் இல்ல. தேர்டு செலக்ஷன்." எல்லாரோடும் சேர்ந்து சிரிக்கவும் செய்தாள். ஆனால் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்ததும் ஜஹீதாதான். அவளுக்கு ஆங்கிலம் எழுத்து மட்டும்தான் தெரியும். மோகனா போட்டுப் பார்த்த பயிற்சித் தாள்களை எடுத்து, ஏ, பி, சி என்று விடைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள்.

"இங்க பாரு. நீ அடிச்சுப் போட்டது எல்லாம் கரெக்டு. மாத்தி எழுதினது எல்லாம் ராங்கு."

மோகனா தாளை வாங்கிப் பார்த்தாள். ஒன்பது இடத்தில் அப்படித்தான் இருந்தது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. செலக்ஷனில் ஒரு சட்டம் உண்டு: மறுபடி பார்க்கும்போது சந்தேகம் வந்தால் தரத்தில் ஒரு படி இறக்கிவிடு. உயர்த்திப் போட்டால் வாங்குகிறவன் சரக்கைத் திருப்பி அனுப்புவான், இறக்கிப் போட்டால் கேள்வியே வராது. ஐந்து வருஷத்தில் ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். பரீட்சையில் நேரம் மிஞ்சியதும் தன் விடைகளையே மறுபடி தடவிப் பார்த்து, சந்தேகப்பட்டு மாற்றியிருக்கிறாள்.

"தோல் மேல சந்தேகப்படு, அது வேல. உன் மேல நீயே இன்னாத்துக்கு சந்தேகப்பட்ற? பேஜாரு!" என்றாள் ஜஹீதா.

அன்றிலிருந்து பயிற்சித் தாள் முடிந்ததும் பேனாவை ஜஹீதா பிடுங்கிக்கொள்வாள். நவம்பரில் மறுபடி சென்னை. கம்ப்யூட்டர் திரையில் பரீட்சை முடிய நாலு நிமிஷம் மிச்சம் இருந்தது. மோகனா மவுஸை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை பிரிவே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மக்பூல் அகமதுகூட எழுந்து நின்று, "இன்னாச்சு?" என்றார். மோகனா பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்து, வழவழப்பான பக்கம் மேலே இருக்க மேசையில் வைத்தாள். அதில் 154 என்று எழுதியிருந்தது.

ஜஹீதா உள்ளங்கையை அந்தத் துண்டின் மேல் ஒரு முறை, ஒரே ஒரு முறை ஓட்டினாள். மோகனா நம்பர் சொல்வாள் என்று காத்திருக்கவில்லை. துண்டைப் புரட்டினாள். அர்த்தம் எழுதும் பக்கம் வெறுமையாக இருந்தது. சாக்பீஸை எடுத்து, அழுத்தி, 1 என்று போட்டாள்.