எதிர்த்து ஏலம் கேட்டவர்

எமிலியாம்பிள்ளை இறந்த செய்தியைக் கோயில் மூப்பர்தான் கொண்டுவந்தார். சைக்கிளை என் வேலியில் சாத்திவிட்டு, "எமிலி அண்ணை விடியப்புறம் மோசம் போயிட்டார்" என்றார்.

"மெடல் எங்கை?" என்று கேட்டேன்.

மூப்பர் சிலுவை போட்டுக்கொண்டார். "செத்தவீட்டுச் செய்திக்கு இப்பிடியோ அண்ணை கேக்கிறது?"

இருபது வருடமாக நான் கேட்டுவந்த கேள்வி அது. அவர் செத்துவிட்டார் என்பதற்காக அதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அவருடைய மனைவி மேரியக்கா. "நீங்கள் எழுதுங்கோ. மற்றவை நல்லதாய்த்தான் எழுதுவினம். அது அவரில்லை" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

எமிலி கப்பலில் வேலை செய்தவர். மற்றவர்கள் துறைமுகங்களில் வாசனைச் சென்ரும் மணிக்கூடும் வாங்க, அவர் பழைய போர்ப் பதக்கங்களும் தொப்பிச் சின்னங்களும் வாங்கினார். ஊர்காவற்றுறையில் அவர் வீட்டு அலுமாரியில் அவை தட்டுத்தட்டாக இருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழைய ஏலப் பட்டியல்களை எழுத்துக்கூட்டி வாசித்தே இந்தப் பொருள்களைப் பற்றிக் கற்றேன். அவர் கற்றுத்தந்தார் என்று யாரும் சொல்லவேண்டாம்.

ஒருமுறை கொழும்பில் பழைய பங்களா ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது இருவரும் சேர்ந்து போனோம். பீரங்கி பொறித்த சின்னம் ஒன்றில் என் கண் விழுந்தது. எமிலி அதைத் திருப்பிப் பார்த்தார். சபை முழுக்கக் கேட்கும்படி, "இது பிறகு வார்த்தது. பின்பக்கம் பாரும், குமிழி குமிழியாய்க் கிடக்கு" என்றார். நான் விலை கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. அவர் அதை அடிமாட்டு விலைக்கு எடுத்தார். திரும்பி வரும் ரயிலில் கைலேஞ்சியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"கள்ளச் சாமான் எண்டீர்?"

"ஓம், எண்டனான்."

"பிறகேன் எடுத்தனீர்?"

"ஏலத்திலை அண்ணன் தம்பி இல்லை. நம்பினது உம்மடை பிழை."

என் தகப்பனார் இரண்டாம் உலகப்போரில் வெள்ளைக்காரனின் படையில் சேர்ந்து எகிப்துப் பக்கம் லொறி ஓட்டியவர். அதற்காக வந்த மெடல் ஒன்றும், அவர் தொப்பியில் குத்திய, கிரீடம் பொறித்த பித்தளைச் சின்னம் ஒன்றும் எங்கள் வீட்டில் இருந்தன. மெடலின் ஒரு பக்கத்தில் ராசாவின் தலை. பெருநாளுக்கு முன் இரண்டையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மினுக்குவோம். தகப்பனார் தேய்த்தார், பிறகு நான் தேய்த்தேன். அதைக் கண்ட அன்று எமிலி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"உதென்ன குசினிச் சட்டியே? ராசாவின்ரை மூக்கைத் தேச்சு முடிச்சிட்டீர். அடுத்த பெருநாளுக்குக் காதும் போகும்."

"எங்கடை ராசா, எங்கடை மூக்கு" என்றேன்.

உலோகத்தில் ஏறும் கறுப்பை அகற்றக்கூடாது என்பது அவர் கட்சி. "அது ஊத்தையில்லை, போர்வை" என்பார்.

என் மனைவி நோயாய்க் கிடந்தபோது அந்த மெடலை அந்தோனியாருக்கு நேர்ந்தேன். எங்கள் கோயில் வழக்கம் இதுதான்: நேர்ந்த பொருளைப் பெருநாளன்று முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஆட்டுக்கும் கோழிக்கும் யாரும் விலை கேட்கலாம். வீட்டுப் பொருள் என்றால் நேர்ந்தவர் மட்டும் ஒரு விலை கேட்டு மீட்டுக்கொள்வார். அவரை எதிர்த்து ஒருவரும் கேட்பதில்லை. அன்று நான் கேட்டேன். பின்வரிசையிலிருந்து எமிலி எதிர்த்துக் கேட்டார். நான் ஏற்றினேன், அவரும் ஏற்றினார். என் கையிருப்பு முடிந்ததும் மூப்பர் மூன்றுதரம் சொல்லி மெடலை அவரிடம் கொடுத்தார்.

"அது என்ரை தகப்பன்ரை" என்றேன்.

"அதிலை பேர் வெட்டேல்லை. வைச்சிருக்கிறவன்ரைதான். என்னட்டை இருந்தால் காதாவது மிஞ்சும்."

மனைவி எழும்பினாள். அந்தோனியார் தம் பங்கைச் செய்தார். எமிலி உயிரோடு இருக்கும்வரை அவர் வாசலை நான் பிறகு மிதிக்கவில்லை; கோயிலில் கண்டால் "மெடல் எங்கை?" என்று மட்டும் கேட்பேன். மெடலைக் காப்பாற்றத்தான் எடுத்தார் என்று செத்தவீட்டில் சிலர் சொன்னார்கள். காப்பாற்ற நினைப்பவன் வீட்டுக்கு வந்து கேட்பான், கோயில் முற்றத்தில் பறிக்கமாட்டான்.

அவரை அடக்கி இரண்டு கிழமையில் பெருநாள் வந்தது. மேரியக்கா அவருடைய ஆன்மாவுக்காக அந்த மெடலை நேர்ந்திருந்தார். மூப்பர் தூக்கிக் காட்டினார். நன்றாகக் கறுத்திருந்தது. முன்வரிசையில் இருந்த எனக்கு ராசாவின் காது தெரிந்தது. மேரியக்கா விலை கேட்கவில்லை, என்னைப் பார்த்தார். முற்றமே என்னைப் பார்த்தது.

"அண்ணை, வாயைத் திறவுங்கோவன்" என்றார் மூப்பர்.

"நேர்ந்தது அவா. எதிர்த்துக் கேக்க ஏலாது."

"நான்தான் கேக்கேல்லையே. பிறகென்ன எதிர்க்கிறது?" என்றார் மேரியக்கா.

"நீங்கள் முதல் கேளுங்கோ."

"நான் கேட்டால் நீங்கள் கேக்கமாட்டியள்."

"மாட்டன்."

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். அன்று நான் வாய் திறந்திருந்தால், இருபது வருடமாக அவர்மேல் சொன்ன குற்றம் குற்றமே இல்லை என்று ஆகியிருக்கும். கடைசியில் மேரியக்கா ஒரு விலை சொல்லித் தம் பொருளைத் தாமே எடுத்தார். என்னைக் கடந்து போகும்போது நின்றார்.

"சாகக்கிடக்கேக்கை இவர் சொன்னவர், ஏலத்திலை வைச்சாலும் அந்த மனுசன் கேக்காதெண்டு. நான்தான் நம்பேல்லை."

என்னை அந்த அளவுக்கு அறிந்தவர் இந்தத் தீவில் வேறு ஒருவர் இல்லை. அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை.

தகப்பனாரின் தொப்பிச் சின்னம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மெடல் பறிபோன அந்தப் பெருநாளுக்குப் பிறகு அதில் நான் புளி போடவில்லை. கறுத்துக் கிடக்கிறது. விரலை வைத்தால் கிரீடத்தின் முனை இன்னும் குத்துகிறது. எமிலியுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கறுப்பு ஒன்றுதான்; அதை வைத்துக்கொள்கிறேன். மெடல் எங்களுடையது.