இருநூற்று முப்பது வோல்ட்

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அரசு நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டதாகச் செய்தித்தாளில் எழுதிக்கொண்டிருந்த காலம். கீழ்வேளூர்ப் பக்கம் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்களை நான் பார்த்ததில்லை. வெளியே போனவர்கள்தான் அதிகம். நானும் போய்விடலாம் என்றுதான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன்.

வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் பவர். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சிக்கல் கணக்கில் இல்லை, ஊரில் இருந்தது. குறுவைச் சாகுபடிக்கு எல்லாப் பம்புசெட்டும் ஓடும்போது எங்கள் லேபில் வோல்டேஜ் நூற்றெழுபதைத் தாண்டாது. புத்தகமோ இருநூற்று முப்பது என்றது. உள்ளதை எழுதினால் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகாது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழாது. ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். முதலில் விடையை எழுதுவது, பிறகு அதற்குத் தோதாக மீட்டர் காட்டியதை எழுதுவது. ஆயிரம் வாட் ஹீட்டரா? இருநூற்று முப்பது வோல்ட், நாலு புள்ளி மூன்று ஐந்து ஆம்பியர், ஐம்பத்து மூன்று ஓம். மீட்டர் பக்கம் திரும்ப வேண்டியதே இல்லை. இந்தக் கலையில் நான்தான் வகுப்பிலேயே முதல்.

கடைசி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தவன் பூம்புகார்க்காரன். அவன் வீட்டில் எல்லோருக்கும் கடல்தான் தொழில். பாவம், அவனுக்கு இந்தத் தந்திரம் பிடிபடவேயில்லை. முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுவான், விரல்விட்டு வகுப்பான், திட்டு வாங்குவான். நான் அவனுக்காக மனதார வருத்தப்பட்டேன்.

தஞ்சாவூரில் ஒரு ஏஜென்டின் மாடியறையில் வளைகுடா வேலைக்கான டெஸ்ட் வைத்தார்கள். போவதற்கு முன்பே என் அப்பா மாதா கோயிலில் எனக்காகப் பூசை வைத்து, பங்குச் சாமியாரிடம் நான் துபாய் போவதையும் சொல்லிவிட்டார். பூட்டு வைத்த சூட்கேஸ் ஒன்றும் வீட்டுக்கு வந்துவிட்டது.

மேசையில் ஒரு ஹீட்டர், இரண்டு மீட்டர்கள். ஹீட்டரின் தகட்டில் இருநூற்று முப்பது வோல்ட், ஆயிரம் வாட் என்று பொறித்திருந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அரை நிமிடத்தில் எழுதி முடித்தேன். பக்கத்து மேசையிலும் அதே ஹீட்டர், அங்கே பூம்புகார்க்காரன் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"இருநூத்தி முப்பதுன்னு போடுடா," என்றேன், குரலைத் தாழ்த்தி.

"முள்ளு இருநூறுலதானேடா நிக்குது?" என்றான்.

தலையில் அடித்துக்கொண்டேன்.

டெஸ்ட் எடுத்தவர் என் தாளைப் பார்த்தார். "பவர் சரிதாங்க தம்பி. இந்த இருநூத்தி முப்பதை எங்க பாத்தீங்க?"

"தகட்டுல இருக்கு சார்."

"மீட்டர்ல?"

அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். இருநூறு வோல்ட், ஐந்து ஆம்பியர். அறுந்துபோன காயிலை வெட்டி, குட்டையாக்கி, வேண்டுமென்றே அந்த ஹீட்டரில் மாட்டியிருக்கிறார் அவர். காயில் குட்டையானதால் மின்தடை நாற்பது ஓமாக இறங்கிவிட்டது. வோல்டேஜும் குறைவாக இருந்ததால் பவர் மட்டும் கச்சிதமாக ஆயிரம் வாட்டில் வந்து நின்று என் மானத்தை வாங்கியது.

"இதையே முழு வோல்டேஜ்ல போட்டா ஆயிரத்து முன்னூறு வாட்டைத் தாண்டும். தகட்டை நம்பி ஒயர் இழுத்தீங்கன்னா ஒயர் உருகிடும். நீங்க கெளம்பலாம்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். படி இறங்கும்போது எனக்குக் கண்ணீர் வந்தது.

பூம்புகார்க்காரன் தேறிவிட்டான்.

வீட்டில் என்ன சொல்வது? அதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே. விடை தோல்வி, அதற்குத் தோதான காரணத்தை எழுத வேண்டும். ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்றேன். அப்பா நம்பினார். ஊரெல்லாம் அந்த ஏஜென்டைத் திட்டினார். அவன் மேல் துளிக் குற்றமும் கிடையாது. சூட்கேஸில் அம்மா போர்வைகளை மடித்து வைத்தாள். நான் டவுனில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் சேர்ந்தேன்.

இரண்டு வருடம் கழித்துப் பூம்புகார்க்காரன் லீவில் வந்தான். எங்கள் வீட்டுக்கும் வந்தான், எனக்கு ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கிக்கொண்டு. அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னையாவது அந்த ஏஜென்ட் ஏமாத்தாம விட்டானே தம்பி. இவனுக்குத்தான் இப்படிப் பண்ணிட்டான் படுபாவி."

அவன் என்னைப் பார்த்தான். பொய் எழுதவே வராதவன், எனக்காக, "ஆமாங்கப்பா," என்றான். அந்த மாடியறையில்கூட நான் அவ்வளவு கூனிக்குறுகியதில்லை.

அப்பாவுக்குப் புது மீட்டரின் மேல் ஆசை. "எங்க, நம்ம வீட்டு வோல்டேஜ் எவ்வளவு இருக்குன்னு பாரு," என்றார்.

பிளக்கில் வைத்தேன். நூற்று அறுபத்து நாலு என்று காட்டியது. கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்கு எண் தெரியாது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருநூத்தி முப்பது இருக்குப்பா."

நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல், எண்ணிவிடலாம் போல, இறக்கைகள் ஒவ்வொன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன.

"அப்ப ஃபேன் ஏன்டா இப்படிச் சுத்துது?" என்றார்.